ரைசன் 5 1600: ஓவர்கிளாக்கா, 5600ஆ?

கையில் இருப்பது ஏஎம்டியின் பழைய ரைசன் 5 1600 பிராசஸர். அதையே ஓவர்கிளாக் செய்வதா, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதா, இல்லை ரைசன் 5 5600க்கு மாறுவதா என்பதுதான் கேள்வி. மதர்போர்டு பி450 வகை என்றால் தயங்காமல் 5600 வாங்கிப் போட்டுவிடுங்கள்.

2017இல் வந்த 1600ஐ 3.8 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்த்தேன். கல்யாண வீடியோ ரெண்டர் கொஞ்சம் சீக்கிரம் முடிந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஃபேன் மிக்ஸி மாதிரி அலறியது. எடிட்டிங் டைம்லைனை இழுத்தால் திக்கும் பழைய வியாதியும் போகவில்லை. சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், இந்த விளையாட்டே வேண்டாம்.

5600இலும் அதே 6 கோர் (கணக்குப் போடும் பகுதி), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), அதே 65 வாட்தான். ஆனால் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை தானாகவே ஏறுகிறது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பி, ஆறு கோருக்கும் பொது; 1600இல் 16 எம்பி, அதுவும் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். எடிட்டிங்கில் உட்கார்ந்ததுமே வித்தியாசம் தெரிகிறது. விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் 5600 இருக்கிறது, 1600 இல்லை.

புதியதைப் போர்டு அடையாளம் காண, பழைய பிராசஸர் இருக்கும்போதே போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். அப்புறம், கூலரை நேராகப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் இறுகியிருந்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளைந்தால் தீர்ந்தது கதை. கொஞ்ச நேரம் வேலை கொடுத்துச் சூடாக்கி, அணைத்துவிட்டு, திருகைக் கழற்றி, இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பி எடுக்க வேண்டும்.

5600 பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் சுமார் ரகம். 1600உடன் வந்த ரெய்த் ஸ்பயர் அதைவிடப் பெரியது. புதுப் பேஸ்ட் தடவி அதையே மாட்டியிருக்கிறேன்.