கரை கரண்ட் இல்லாத படகு: பேட்டரியின் கடைசி இருபது சதவீதத்தை நிரப்புவது எது?

பாக் நீரிணைக் கரையில் ஆழம் போதாது. ஃபைபர் படகை இடுப்பளவுத் தண்ணீரில் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு நடந்துதான் கரையேற வேண்டும். பிளக் பாயிண்ட் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. படகுகளுக்கு வயரிங் செய்வது என் தொழில். "எஞ்சின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரே போதுமா, சோலார் போடணுமா, இல்லை ஜெனரேட்டர் வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்காத சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) இல்லை.

முதலில் கரண்ட் செலவைப் பார்த்துவிடுவோம். ஓர் இரவு தொழிலுக்குப் போய்வரும் படகில் ஜிபிஎஸ்ஸும் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் சேர்ந்து 12 வாட் என்று வைத்தால், பத்து மணி நேரத்துக்கு 120. விஹெச்எஃப் ரேடியோ பேசாமல் கேட்டுக்கொண்டு கிடந்தாலே 5 வாட், அது ஒரு 50. வலை இழுக்கும்போது எரியும் எல்இடி விளக்குகளும் கம்பத்து விளக்கும் 30 வாட், ஆறு மணி நேரத்துக்கு 180. மொத்தம் 350 வாட் அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு). 12 வோல்ட் பேட்டரியில் ஏறக்குறைய 30 ஆம்பியர் அவர். 100 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு இது பெரிய சுமையே இல்லை.

அப்படியிருந்தும் ஒரே வருஷத்தில் பேட்டரி செத்துப்போவது ஏன்? காலியாகிக் கெடுவதைவிட, ஒருநாளும் முழுசாக நிரம்பாமல் கெடுவதுதான் நான் அதிகம் பார்த்தது. ஈய பேட்டரி சார்ஜ் இறங்கும்போது தகட்டில் சல்ஃபேட் படிகிறது. முழு சார்ஜ் ஏறினால்தான் அது கரைந்து போகும். எண்பது சதவீதத்திலேயே நின்றுவிட்டால் மிச்சம் இருப்பது நாளாக நாளாக இறுகி, பிறகு எந்த சார்ஜருக்கும் அசையாது. அதனால் ஒவ்வொரு வழியையும் நான் அளப்பது ஒரே கேள்வியால்தான்: கடைசி இருபது சதவீதத்தை இது நிரப்புமா?

எஞ்சினும் வெயிலும்

ஆல்டர்னேட்டர் முதல் பாதியில் யாரும் தொட முடியாத வேகம் காட்டும். பாதி காலியான பேட்டரிக்குள் 20 ஆம்பியருக்கு மேல் சர்வசாதாரணமாகத் தள்ளும். எண்பதைத் தாண்டியதும் கதை மாறிவிடுகிறது. பேட்டரி தானாகவே கரண்டைக் குறைத்து வாங்க ஆரம்பிக்கும். 14.4 வோல்ட்டில் நிறுத்திவைத்தாலும் மீதி ஏற நாலைந்து மணி நேரம் ஆகும். பாட்டுக்கு (வலை போடும் இடத்துக்கு) போக ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் எஞ்சின் ஓட்டுகிற படகுக்கு அந்த நேரம் எங்கே இருக்கிறது? போதாக்குறைக்கு, இரண்டு பேட்டரியைப் பிரிக்க டயோடு ஐசோலேட்டர் மாட்டியிருந்தால் அதிலேயே 0.6 வோல்ட் போய்விடும். ஆல்டர்னேட்டரில் 14.2 காட்டும், பேட்டரி முனையில் 13.6தான் நிற்கும். டயோடைக் கழற்றிவிட்டு வோல்டேஜ் பார்த்துத் தானாகவே இரண்டையும் சேர்க்கும் ரிலே சுவிட்ச் மாட்டினால், செலவு கொஞ்சம், பலன் கண்ணுக்குத் தெரியும். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் சிறிய டீசல் எஞ்சின்களில் ஆல்டர்னேட்டரே இருக்காது. அவர்களுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது.

சோலார் இதற்கு நேர் எதிர். 100 வாட் பேனல் நம் வெயிலில் உச்சியில் கொடுப்பதே ஐந்தரை ஆம்பியர்தான். எஞ்சினோடு ஒப்பிட்டால் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் காலையிலிருந்து மாலை வரை, படகில் ஆள் இல்லாதபோதும், அது விடாமல் கொடுக்கிறது. நல்ல வெயில் நாளில் 25 முதல் 30 ஆம்பியர் அவர் சேரும். நேற்று இரவின் செலவு ஏறக்குறைய இதுதான். பேட்டரி மெதுவாகக் கேட்கும் கடைசிக் கட்டத்துக்கு மெதுவாகக் கொடுக்கும் பேனல் பொருத்தமாக அமைகிறது. நான் 150 வாட் போடச் சொல்வேன், மேகத்துக்கும் உப்புக்கும் சேர்த்து.

உப்பு என்றதும் சொல்லியாக வேண்டும். பேனல் மேல் காய்ந்த உப்பையும் கடல்காக்கை எச்சத்தையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் வாங்கியது வீண். கம்பத்தின் நிழல் ஒரு வரிசை செல்லில் விழுந்தாலே கரண்ட் பாதிக்கு மேல் சரியும். ஆகவே அணியத்திலா (முன்பக்கம்) அமரத்திலா (பின்பக்கம்) என்று முடிவுசெய்யும் முன் ஒரு பகல் முழுக்க நிழல் எங்கே போகிறது என்று பாருங்கள். சூட்டிலும் பேனல் தளரும், அடியில் காற்றுப் போக இடைவெளி விட்டு மாட்டுங்கள். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வேண்டும். ஒரே ஒரு பேனலுக்கு சாதாரண பிடபிள்யூஎம் வகையே போதும். 200 வாட்டுக்கு மேல் போனால், பேனலிலிருந்து கூடுதல் கரண்ட் எடுக்கும் எம்பிபிடி வகை வாங்கலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காலத்தில் வானம் மூடிக்கிடக்கும். அப்போது சோலாரை மட்டும் நம்பினால் கைவிட்டுவிடும். அந்த மூன்று மாதமும் எஞ்சின்தான் துணை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் சோலாரை எடுப்பேன். இரண்டும் இருந்தால் முதல் எண்பது எஞ்சினுக்கு, மீதி வெயிலுக்கு.

வீட்டுக்குத் தூக்கிப்போவது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஆனால் எங்கள் ஊரில் அதிக வருஷம் உழைத்த பேட்டரிகள் இப்படிச் சார்ஜ் ஆனவைதான். வீட்டில் 10 ஆம்பியர் சார்ஜரில் போட்டு எட்டு பத்து மணி நேரம் விட்டால் கடைசிச் சொட்டு வரை நிரம்பிவிடுகிறது. கஷ்டம் எடையில் இருக்கிறது. 100 ஆம்பியர் அவர் பேட்டரி முப்பது கிலோ வரும். இடுப்பளவுத் தண்ணீரில் தோளில் வைத்து நடக்கும்போது ஆசிட் வழிந்து முதுகு வெந்த பையனுக்கு நானே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். பேட்டரியை ஒருபோதும் தோளில் ஏற்றாதீர்கள். கைப்பிடி வைத்த பெட்டியில் வைத்து இரண்டு பேர் பிடித்து வாருங்கள்.

ஜெனரேட்டரும் காற்றாடியும்

ஒரு கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர், பல நாள் கடலிலேயே தங்கும் தங்கல் தொழிலுக்குப் போகும் படகுக்கு ஆபத்துக்கால உதவி. அதிலுள்ள 12 வோல்ட் பிளக்கை நம்பாதீர்கள், அது தருவது பெரும்பாலும் 8 ஆம்பியர் அளவுதான். 230 வோல்ட்டில் நல்ல சார்ஜர் மாட்டி ஓட்டுங்கள். எண்பது வரை ஓட்டி நிறுத்திவிடுங்கள். கடைசி இருபதுக்காக மணிக்கணக்கில் பெட்ரோல் எரிப்பது பணத்தைக் கடலில் கொட்டுவது. மூடிய கேபினுக்குள் மட்டும் ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான்.

காற்றாடி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும். குமரி மாவட்டத்து முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது மலைக் கணவாய் வழியே பாயும் காற்றுக்காக. படகின் குட்டைக் கம்பத்துக்கு அந்தக் காற்று கிடைக்காது, வலை வீசும் இடத்தில் தலைக்கு மேல் சுழலும் இறக்கையும் வேண்டாம்.

லித்தியம் வாங்குவோருக்கு

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு முழுசாக நிரம்ப வேண்டிய கட்டாயமே இல்லை, பாதியில் கிடந்தாலும் கெடாது. இங்கே நான் இதுவரை சொன்ன கணக்கு புரண்டு, எஞ்சின் முன்னுக்கு வந்துவிடுகிறது. ஆனால் அது கரண்டைக் குறைக்காமல் வாங்கிக்கொண்டே இருப்பதால் ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். நேரடியாக இணைத்து, குறைந்த ஆர்பிஎம்மில் இரண்டு மணி நேரம் ஓடிய ஒரு விசைப்படகின் ஆல்டர்னேட்டர் சுருள் கருகியதைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். நடுவில், ஆல்டர்னேட்டரிலிருந்து எடுக்கும் கரண்டை அளவாக்கும் டிசி டு டிசி சார்ஜர் கட்டாயம்.

கிழக்குக் கரை விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதிக பேட்டரிகள் சாவது அந்தக் கோடையில்தான், படகு சும்மா கிடக்கும்போது. வெப்பத்தில் தானாக இறங்கும் சார்ஜும் கூடும். எல்லா இணைப்பையும் கழற்றி, டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்த்து, கன்ட்ரோலரோடு ஒரு 20 வாட் பேனலை மட்டும் மாட்டிவிட்டு வாருங்கள். மாதம் ஒருமுறை போய், விடிவதற்கு முன்பே மீட்டர் வையுங்கள், வெயில் ஏறிவிட்டால் உண்மையான அளவு தெரியாது. 12.7 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.4க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜில் போடுங்கள், ஜூன் வரை காத்திருக்க வேண்டாம்.