லேசிக் செய்து பத்தாண்டுக்கு மேல் ஆன கண்கள்

2013இல் லேசிக், அதாவது கண்ணாடி தேவைப்படாமல் இருக்கக் கண்ணில் செய்யும் லேசர் அறுவை, செய்துகொண்டேன். அப்போது இரண்டு கண்ணிலும் பவர் 650 டிகிரி, அதாவது மைனஸ் 6.5. செய்த வாரத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் உலகமே பளிச்சென்று இருப்பதாகத்தான் எழுதுகிறார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் முடிவெடுக்க நிற்பவருக்குத் தேவைப்படுவது பத்து வருடம் கழித்து அந்தக் கண் எப்படி இருக்கிறது என்பது. சிங்கப்பூரில் இளையர் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் கிட்டப்பார்வை என்பதால் இந்தக் கேள்வி வராத தமிழ் வீடு இங்கே குறைவு.

எல்லாரும் முதலில் பயப்படுவது கண்ணே போய்விடுமோ என்று. முறையாகப் பரிசோதித்துச் செய்தால் அது மிக அரிது. நான் பரிசோதனையைத்தான் பெரிதாக நினைக்கிறேன். கான்டாக்ட் லென்ஸைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் லென்ஸ் கார்னியாவின், அதாவது கண்ணின் முன்னே இருக்கும் தெளிவான படலத்தின், வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும், அளவு தப்பாக வரும். என் கார்னியாவின் தடிமன் 530 மைக்ரான், அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மருத்துவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். மேலே மூடிபோலத் திறக்கும் மடலுக்கு 110 போகும். 100 டிகிரிக்கு ஏறக்குறைய 14 மைக்ரான் வீதம் லேசர் செதுக்குவதற்கு 90. மிச்சம் 330. இந்த மிச்சம் 250க்குக் கீழே போகக் கூடாது, போனால் கார்னியா வலுவிழந்து கூம்புபோல முன்னே பிதுங்கும் ஆபத்து கூடும் என்றார். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. என்னோடு வேலை பார்த்த ஒரு அக்காவுக்கு பவர் 400தான். ஆனால் கார்னியாவின் வரைபடத்தில் அப்படிக் கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோயின் சாயல் தெரிந்ததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஏமாற்றம்தான். என்னைக் கேட்டால், அவர் கண்ணைக் காப்பாற்றியது அந்த மறுப்பு.

அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரத்துப்போகும் சொட்டு மருந்து, ஒரு வளையம் கண்ணை அழுத்திப் பிடிக்கும்போது சில விநாடி எல்லாம் இருட்டு, அப்புறம் முடி கருகுவதுபோல ஒரு வாடை. வலி இல்லை. மாலையில் மணல் விழுந்ததுபோலக் கண் அரித்தது, தூங்கி எழுந்ததும் போய்விட்டது.

லாபம் என்னவென்று கேட்டால், தேசிய சேவை முடிந்த பிறகும் அழைக்கப்படும் ரிசர்விஸ்ட் பயிற்சியைத்தான் முதலில் சொல்வேன். வியர்வையில் கண்ணாடி வழுக்கி, மழையில் ஒன்றும் தெரியாமல், ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே ஓடிய காலம் முடிந்தது. சோறு வடிக்கும்போது ஆவி படிவதில்லை. மகனோடு நீச்சல் குளத்தில் இறங்கினால் எந்தத் தலை அவனுடையது என்று தெரிகிறது. தினமும் கிடைக்கும் சுகம் இது.

தினமும் கொடுக்கும் விலையும் ஒன்று இருக்கிறது, கண் வறட்சி. மடலை வெட்டும்போது கார்னியாவின் நுண் நரம்புகளும் அறுபடுகின்றன. கண் காய்கிறது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போவதில்லை, அதனால் கண்ணீரும் இமைப்பதும் குறைகின்றன. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். எனக்கு முழுதாகச் சரியாகவில்லை. காலை முதல் மாலை வரை ஏர்கானில் உட்கார்ந்து திரையைப் பார்க்கும் வேலை. மூன்று மணிக்கு மேல் இமைக்குள் தூசு இருப்பதுபோல உறுத்தும். உடைத்து ஊற்றும் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளில் வருகிற, பதப்படுத்தும் மருந்து சேராத சொட்டு எப்போதும் பையில் இருக்கும். ஏற்கெனவே கண் வறண்டு சொட்டு போடுகிறவர் என்றால் நீங்கள் மிகவும் யோசிக்க வேண்டியது இதைத்தான். மடல் இல்லாமல் சிறு துளை வழியாகச் செய்யும் ஸ்மைல் முறையில் நரம்பு அறுபடுவது குறைவு, அதையும் கேட்டுப் பாருங்கள்.

இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது முதல் வருடத்திலேயே வெகுவாகக் குறைந்துவிட்டது. மழை இரவில் பிஐஇ விரைவுச்சாலையில் வண்டி ஓட்டும்போது மட்டும் எதிர் விளக்குகள் கொஞ்சம் சிதறும்.

இத்தனை தொல்லை எதற்கு, கான்டாக்ட் லென்ஸே போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். அதிலும் ஆபத்து உண்டு. 2005, 2006 வாக்கில் இங்கே லென்ஸ் அணிந்த பலருக்கு ஃபுசேரியம் என்ற பூஞ்சை கார்னியாவைத் தாக்கியது. ஒரு லென்ஸ் திரவமே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதனால் லேசிக்கின் ஆபத்தை ஆபத்தே இல்லாத ஒன்றோடு ஒப்பிடாதீர்கள். பாதுகாப்பானது மூக்குக் கண்ணாடிதான், அது உங்களுக்குச் சிரமமில்லை என்றால் ஒன்றும் செய்யவே வேண்டாம்.

லேசர் மாற்றுவது கார்னியாவை மட்டும். கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண் நீண்டபடியேதான் இருக்கிறது, விழித்திரை இழுபட்டு மெலிந்தபடியேதான் இருக்கிறது. விழித்திரை கிழிவதும் கண் அழுத்த நோயும் வர எனக்கு இன்றும் 650 டிகிரிக்காரரின் வாய்ப்புதான். ஆண்டுக்கு ஒருமுறை கண் பாப்பாவைச் சொட்டு மருந்தால் விரித்துப் பார்க்கச் சொல்லிவிட்டேன். திடீரென்று மின்னல்போல ஒளி வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, திரை இறங்கியதுபோல மறைத்தாலோ அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கண்ணாடி போனதால் கண் நோயும் போய்விட்டது என்று நினைத்துப் பரிசோதனையை விட்டவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

நாற்பதைத் தாண்டியதும் கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி வந்துவிட்டது. என் மனைவிக்கு 300 டிகிரி. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைப் படிக்கிறார். எனக்கு அந்த வசதி போய்விட்டது. முப்பத்தெட்டில் செய்யப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும், கண்ணாடி இல்லாத காலம் அவர்களுக்குக் கொஞ்சம்தான்.

பத்தொன்பது வயது அக்கா மகன் போன மாதம், “மாமா, இப்பவே பண்ணிடலாமா?” என்று கேட்டான். ஒரே வருடத்தில் அவனுக்கு 75 டிகிரி ஏறியிருக்கிறது. “பவர் ஒரு இடத்துல நிக்கட்டும்பா. இப்ப செஞ்சா திரும்பவும் கண்ணாடி வரும்” என்றேன். மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவில் பொதுவாக எடுக்க முடியாது, கைக்காசுதான் என்றும் சொன்னேன். செய்கிற நாளில் அறுவைக்கு முந்தைய அளவுகள் அத்தனையையும் நகல் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். செதுக்கிய கார்னியாவில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். வயதாகிக் கண்புரை எடுக்கும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் அளவைக் கணிப்பதும் கடினமாகிவிடும். அப்போது மருத்துவர் கேட்பது அந்தப் பழைய தாள்களைத்தான்.