ஈடிஎம் பாட்டுக்கு மாணவர் வீடியோ: கூட்டமா, கதையா, அசைவா?

வரிகள் உள்ள பாட்டு என்றால் வீடியோ எடுப்பவருக்கு ஒரு பிடிமானம் உண்டு: பாடுகிறவரின் வாய். வேறெதுவும் தோன்றாவிட்டால் அந்த முகத்தைக் காட்டிச் சமாளிக்கலாம். எலக்ட்ரானிக் டான்ஸ் இசையில், அதாவது ஈடிஎம்மில், அதுவும் கிடையாது. குரல் இருந்தாலும் நாலு சொல்லைத் துண்டு துண்டாக வெட்டித் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பார்கள். ஆக, எதைக் காட்டப்போகிறோம் என்பது ஷூட்டிங்குக்கு முன்பே முடிவாகிவிட வேண்டும்.

மாணவர் குழுக்கள் பெரும்பாலும் மூன்றில் ஒரு வழியைப் பிடிக்கிறார்கள். டிஜேயும் ஆடும் கூட்டமும், ஒரு சின்னக் கதை, அல்லது நாலைந்து பேரின் திட்டமிட்ட அசைவு. எங்கள் ஓட்டு மூன்றாவதற்கு. அது மற்றதைவிட அழகாக இருக்கும் என்பதால் அல்ல. ஒரு ஷாட் கெட்டுப்போனால் அதை மட்டும் திரும்ப எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு, மூன்றில் அது ஒன்றுதான் ‘முடியும்’ என்கிறது.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஹவுஸ் வகைப் பாட்டுகளில் அடிக்கடி வரும் வேகம் 128 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 128 பீட். அந்த வேகத்தில் ஒரு பீட் 0.46875 நொடி, நாலு பீட் சேர்ந்த ஒரு பார் 1.875 நொடி. எட்டு பார் சேர்த்தால் மிச்சம் மீதி இல்லாமல் 15 நொடி. பாட்டும் எட்டு எட்டு பாராகத்தான் மாறும்; புதிய ஒலி நுழைவதும் பழையது விலகுவதும் அந்த எல்லைகளில்தான். மூன்று நிமிடப் பாட்டு என்றால் அப்படிப் பன்னிரண்டு கட்டங்கள். ஒரு தாளில் பன்னிரண்டு பெட்டி வரைந்து, எது இன்ட்ரோ (தொடக்கம்), எது பில்ட்-அப் (வேகமும் சத்தமும் ஏறும் இடம்), எது டிராப் (ஏறியது வெடித்து முழுத் தாளமும் வந்து விழும் இடம்), எது பிரேக்டவுன் (தாளம் அடங்கும் இடம்) என்று எழுதிவிட்டால் வேலையில் கால்வாசி முடிந்த மாதிரி. டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான வகை மாதிரி 174 பிபிஎம்மில் ஓடுவதற்கு இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. அங்கே பாதி வேகத்தில், 87 என்று எண்ணிக்கொள்வது நல்லது. கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் 120-இலிருந்து 130 வரையிலான பாட்டுகளுக்கு.

கூட்டக் காட்சிதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நல்ல பக்கம் வெளிப்படை: சக்தி தெரியும், ஒத்திகை வேண்டாம். சிக்கல் ஆள் கணக்கில் தொடங்குகிறது. முப்பது பேரை ஒரு ஹாலில் நிறுத்தி வைட் ஷாட் வைத்தால் காலி ஹாலில் முப்பது பேர் நிற்பதுதான் தெரியும். அவர்களை மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் சதுரத்தில் நெருக்கி, கேமராவைத் தோள் மட்டத்துக்குக் கீழே இறக்கி, 85 எம்எம் போன்ற நீள லென்ஸால் தூரத்திலிருந்து எடுத்து, பின்னாலிருந்து லைட் அடித்தால் முந்நூறு பேர் மாதிரி இருக்கும். அதோடு வைட் ஷாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது டிஜே. கன்ட்ரோலரில் (டிஜே பாட்டை இயக்கும் கருவி) ஒரு கேபிள்கூடச் செருகாமல், அதன் ஜாக் வீல் என்ற சுழல் தட்டில் விளக்கு எரியாமல், ஒலி அளவை மாற்றும் ஃபேடரை மேலும் கீழும் தள்ளுகிற ஷாட்டை இந்த இசையைக் கேட்பவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். கருவிக்கு மின்சாரம் கொடுத்து, லேப்டாப்பில் அதே பாட்டை உண்மையாகவே ஓட விடுங்கள். அப்படிச் செய்தாலும் டிஜேயின் கை பாட்டின் எந்த ஒலியையும் ‘வாசிப்பதாக’க் கண்ணுக்குத் தெரியாது. கிட்டார்காரர் விரலில் தெரிகிற பொருத்தம் இங்கே இல்லை. அதனால் பத்து நொடிக்கு மேல் அந்த ஷாட் தாங்காது.

டிராப்பில் எல்லோரும் ஒன்றாகக் குதிக்கும் ஷாட்டுக்கும் ஒரு குறிப்பு. சும்மா “குதியுங்க” என்றால் ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டு அரை பீட் தாமதமாகக் குதிப்பார்கள். டிராப்புக்கு முந்தைய கடைசி பாரில் நாலு கிளிக் கேட்கிற மாதிரி ஒலிக்கோப்பைத் தயார் செய்து போட்டால் சரியாக வரும். ஆனால் அதையும் மூன்று முறைக்கு மேல் கேட்க முடியாது. இரண்டு மணி நேரம் போனால் கூட்டம் களைத்துவிடும், கண்கள் கேமராவைத் தேடும். மறுவாரம் ஒரு ஷாட் குறைகிறது என்று கூப்பிட்டால் முப்பதில் பன்னிரண்டு பேர் வருவார்கள், வேறு சட்டையில்.

கதை வழி இன்னும் கௌரவமானது, இன்னும் ஆபத்தானது. இன்ட்ரோ 15 நொடி, அடுத்த பகுதி 30, பில்ட்-அப் 15 என்று ஓடுகிற பாட்டில் முதல் டிராப் சரியாக ஒரு நிமிடத்தில் வந்து விழும். வசனம் இல்லாமல், யார் இவர், என்ன வேண்டும், என்ன தடை என்பதை அந்த ஒரு நிமிடத்துக்குள் காட்டி, திருப்பத்தை டிராப்பின் முதல் பீட்டில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு 30 நொடி உச்ச சத்தம். கதையில் அந்த 30 நொடிக்கு என்ன நடக்கும்? பெரும்பாலான மாணவர் வீடியோக்களில் யாராவது ஓடுவார்கள். இருட்டில், ஸ்லோமோஷனில்.

இன்னொரு தொல்லை, மனிதச் செயல்கள் பாரில் அடங்குவதில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்து நிற்க இரண்டரை நொடி ஆகும். பார் முடிய 1.875 நொடி. ஒவ்வொரு ஷாட்டிலும் வெட்டுவது அல்லது இழுப்பது என்று எடிட்டில் சண்டைதான். லொக்கேஷன் மாறினால் வெளிச்சம், உடை, தலைமுடி எல்லாவற்றின் தொடர்ச்சியும் கூடவே வரும். ஒரு ஷாட் விடுபட்டால் கதையில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை வேறெந்த ஷாட்டாலும் அடைக்க முடியாது. இதெல்லாம் ஆறேழு பேர் கொண்ட, ஒன்றிரண்டு நாள் மட்டும் கிடைக்கிற குழுவை மனதில் வைத்துச் சொல்வது. நடிப்புப் பயிற்சி உள்ள இருவரும் ஒழுங்கான உதவி இயக்குநரும் கையில் இருந்தால் இந்தத் தீர்ப்பு மாறலாம்.

இப்போது அசைவு. அடிப்படை எளிது: பாட்டின் ஒவ்வோர் அடுக்கையும் ஓர் ஆளிடமோ ஓர் உடல் உறுப்பிடமோ ஒரு பொருளிடமோ ஒப்படைப்பது. கிக்குக்கு (டிரம்மின் கனத்த அடி) ஒருவரின் குதிகால், கிளாப்புக்கு (கைதட்டல் ஒலி) ஒருவரின் தோள், ஹை-ஹாட்டுக்கு (சின்னத் தாளத் தட்டின் ஒலி) விரல்கள், பேஸுக்கு (அடிக்குரல் ஒலி) இடுப்பு, லீடுக்கு (முன்னே கேட்கும் மெட்டு) ஒருவர் கையில் அசையும் துணி. 1997-இல் பிரெஞ்சு இசை இரட்டையர் டாஃப்ட் பங்கின் ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ பாட்டுக்கு இயக்குநர் மிஷெல் கோந்த்ரி எடுத்த வீடியோவில் ஒவ்வோர் ஆட்டக் குழுவும் ஒவ்வோர் ஒலிக்குப் பொறுப்பு. ஒரே மேடை, கதை இல்லை. மாணவர் அளவுக்கு ஐந்து பேரும், வெறும் சுவர் உள்ள ஓர் அறையும் போதும்.

முடிந்தால் பாட்டு செய்தவரிடம் ஒலி அடுக்குகளைத் தனித்தனிக் கோப்பாக வாங்கிவிடுங்கள். கிக்கை மட்டும், பேஸை மட்டும் போட்டுப் பழகினால் ஆடத் தெரியாதவர்கூட அரை மணியில் பிடித்துவிடுகிறார். முழுப் பாட்டையும் போட்டால் எல்லோரும் கிக்குக்கே ஆடத் தொடங்கிவிடுவார்கள்.

ஷூட்டிங்கை இப்படிக் கட்டலாம். எட்டு பார் துண்டு ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வெட்டுங்கள். முன்னால் கிளிக் மட்டும் உள்ள ஒரு பார், பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு பார். ஆக, பத்து பார், 18.75 நொடி. பின்னால் உள்ள பார் எடிட்டில் கைகொடுக்கும், ஆள் சட்டென்று நின்று சிரித்துவிடும் முகம் ஷாட்டுக்குள் வராது. அசைவை நாலு பாருக்கு அமைத்து இரண்டு முறை செய்யச் சொல்லுங்கள். முதல் சுற்றில் உடல் தாளத்தைத் தேடிக்கொண்டிருக்கும். பயன்படப்போவது பெரும்பாலும் இரண்டாவது சுற்றுதான்.

ஆறு அசைவு, ஒவ்வொன்றுக்கும் வைட், மிட், குளோஸ் என மூன்று அளவு, இரண்டு டேக். மொத்தம் 36 டேக். ஒவ்வொன்றுக்கும் இடம் மாற்றி, லைட் பார்த்து, நாலு நிமிடம் என்று வைத்தாலும் இரண்டரை மணிக்குள் முடியும். கையில் 18 வெவ்வேறு துண்டு. பாட்டில் இருப்பது 12 கட்டம். எல்லாமே ஒரே வேகத்தில் எடுத்தவை என்பதால் எந்தத் துண்டும் எந்தக் கட்டத்திலும் உட்காரும். இரண்டாவது டிராப்புக்கு எடுத்தது சொதப்பினால் முதல் டிராப்பின் குளோஸை அங்கே போடலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது, பாட்டே அங்கே தன்னைத் திருப்பித்தானே சொல்கிறது! அப்படியும் போதாவிட்டால் ஓர் ஆளை, அதே சட்டையில், அதே சுவருக்கு முன்னால் நிறுத்தி 15 நொடி எடுத்தால் தீர்ந்தது. அதற்காகவே சில விஷயங்களை முதல் நாளே குறித்து வைக்க வேண்டும்: கேமரா நின்ற இடத்துக்குத் தரையில் டேப், லென்ஸின் உயரம், லைட்டுக்கும் சுவருக்கும் உள்ள தூரம், ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) எண், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்). புகை மெஷின் போட்டிருந்தால் இந்த வசதி பாதி போய்விடும். புகையின் அடர்த்தி டேக்குக்கு டேக் மாறும், அடுத்தடுத்த ஷாட்களை ஒட்டினால் பளிச்சென்று தெரியும். தீ எச்சரிக்கை அலாரம் அலறும் வாய்ப்பு தனி.

அசைவு மந்தமாகத் தெரிகிறதா? பாட்டை 75 விழுக்காடு வேகத்தில், அதாவது 96 பிபிஎம்மில் போட்டு ஆடச் சொல்லி, எடிட்டில் 133.33 விழுக்காடாக வேகம் கூட்டுங்கள். உடல் சொடுக்கிச் சொடுக்கி அசையும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்துவிட்டு வேகம் கூட்டினால் நாலில் ஒரு ஃபிரேம் உதிர்ந்து அசைவு தடுக்கும். கேமராவில் 18 ஃபிரேம் வைக்க முடிந்தால் அதுதான் சுத்தம். இல்லாவிட்டால் 60-இல் எடுப்பது பரவாயில்லை. எதிர்த்திசையிலும் இதே தந்திரம் உண்டு: 48 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டுவதானால் பாட்டை இரட்டை வேகத்தில் போட வேண்டும். 256 பிபிஎம்மில் யாராலும் ஆட முடியாது, இரண்டு பீட்டுக்கு ஓர் அசைவு என்று வையுங்கள்.

எடிட்டில் ஒரு நுணுக்கம். 24 ஃபிரேமில் 128 பிபிஎம்மின் ஒரு பார் மிகச் சரியாக 45 ஃபிரேம். ஒரு பீட் 11.25 ஃபிரேம். அதனால் பாரின் தொடக்கத்தில் வைக்கும் வெட்டு கச்சிதமாக விழும். நடு பீட்களில் கால், அரை ஃபிரேம் தள்ளிப்போகும், கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் ஒரு வெட்டிலிருந்து அடுத்ததற்கு 11, 11 என்று எண்ணிக்கொண்டே போனால் எட்டு பாருக்குள் எட்டு ஃபிரேம் விலகிவிடும். மார்க்கரைப் பாட்டின் அலைவடிவத்தைப் பார்த்து வையுங்கள், முந்தைய வெட்டிலிருந்து அளக்க வேண்டாம்.

மூன்று வழிக்கும் பொதுவானவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஸ்பீக்கரில் பாட்டைப் போடுங்கள், கேமராவின் மைக் அதைப் பதியட்டும். அலைவடிவத்தை வைத்து ஒட்டிவிடலாம். ப்ளூடூத் ஸ்பீக்கர் கொஞ்சம் தாமதித்தாலும் ஆடுபவரும் மைக்கும் ஒரே சத்தத்தைக் கேட்பதால் கெடுதல் இல்லை. ஆடுபவர் காதில் இயர்போன் மாட்டினால்தான் ஒட்ட வழியில்லாமல் போகும். போனில் எடுத்தால் ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டுங்கள். ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கும் கோப்பாக வந்தால் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு டைம்லைனில் போடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஷட்டர் 1/50, 60 ஹெர்ட்ஸில் 1/60. மலிவு எல்இடியை மங்கலாக்கினால் திரையில் பட்டை ஓடும்; முழு வெளிச்சத்தில் எரியவிட்டுத் தள்ளி வையுங்கள். நீலமும் மெஜந்தாவும் முகத்தைத் தின்றுவிடும், ஒரு சின்ன வெள்ளை லைட் கூட இருக்கட்டும்.

பாட்டுக்கான அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும், மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாக. கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டு என்று நம்பி எடுப்பவர்கள் உரிமத்தில் ‘என்டி’ (தழுவல் கூடாது என்ற நிபந்தனை) இருக்கிறதா என்று பாருங்கள். அசையும் படத்தோடு பாட்டைப் பொருத்துவதே தழுவல் என்று அந்த உரிமங்கள் கணக்கிடுகின்றன. ‘என்டி’ இருந்தால் அந்த வீடியோவை வெளியிட முடியாது.

விட்டு விட்டு மின்னும் ஸ்ட்ரோப் லைட்டை அறையில் அடிக்க வேண்டாம். படத்தை வரி வரியாகப் பதியும் ரோலிங் ஷட்டர் கேமராவில் ஃபிரேமின் மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி கறுப்பு என்று பிளந்து வரும். நிலையான வெளிச்சத்தில் எடுத்துவிட்டு எடிட்டில் சேர்த்தால் அளவும் உங்கள் கையில் இருக்கும். ஒரு நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் போகக்கூடாது என்பது ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்காக வைத்த வரம்பு. 128 பிபிஎம்மில் பீட்டுக்கு ஒரு மின்னல் என்றால் நொடிக்கு 2.13, வரம்புக்குள். பில்ட்-அப்பில் ஸ்நேர் டிரம்மின் அடி இரட்டிக்கும்போது மின்னலையும் இரட்டித்தால் 4.27. எடிட்டில் கை தன்னால் அங்கேதான் போகும். அந்த இடத்தில் மின்னலுக்குப் பதிலாக ஷாட்டின் அளவை மாற்றுங்கள்: வைட், மிட், குளோஸ், இன்னும் குளோஸ்.

கூட்டம் வேண்டவே வேண்டாமா என்றால், இரண்டாவது டிராப்பின் 15 நொடிக்கு மட்டும் பத்து பேரை வைத்து எடுங்கள், வராவிட்டாலும் வீடியோ நிற்கிற மாதிரி. அதோடு ஷூட்டிங்கை இரண்டாகப் பிரியுங்கள்: முதல் நாள் ஒன்பது கட்டம், நாலு நாள் கழித்து அரை நாள். இடையில் முதல் எடிட்டை ஓட்டிப் பார்த்தால் எந்த மூன்று பெட்டி காலி என்று தெரிந்துவிடும். தரையில் ஒட்டிய டேப்பை மட்டும் அதுவரை யாரும் பிய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.