வெள்ளம் வரும்போது: அண்ணன் வீடா, பள்ளி மண்டபமா, சொந்த மாடியா?

சூறாவளி நம் பக்கம் வராது என்று மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது ஏறக்குறைய சரிதான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் காற்றைச் சுழல வைக்கும் விசை மிகக் குறைவு. 2001 டிசம்பர் 27 அன்று தென்கிழக்கு ஜொகூரில் கரையேறிய வாமேய் புயல் அபூர்வமான விதிவிலக்கு. நம்மை வந்து பார்ப்பது தண்ணீர்தான். 2006, 2011, 2023 என்று இந்த ஊர் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதனால் பருவமழை பிடிக்கும் நவம்பரிலேயே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும், தண்ணீர் வந்தால் எங்கே போவது என்று.

வசதியைப் பார்த்தால் மேட்டுத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஈடில்லை. சொந்த அடுப்பு மாதிரி ஓர் அடுப்பு, பாட்டிக்கு உட்காரும் கழிவறை, பிள்ளைகளுக்குக் கட்டில். ஆனால் முதலில் கைநழுவுவதும் இந்த வழிதான். தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்: செம்பனைக்கு நடுவே ஓடும் பாரிட் (வடிகால் வாய்க்கால்) நிரம்பியதும் பள்ளமான சாலைதான் முதலில் மூழ்கும். வாசல் காய்ந்திருக்கும், பாதை போயிருக்கும். மழை விட்டுவிட்டதே என்று உட்கார்ந்திருந்தாலும் மேலேயிருந்து வர வேண்டிய ஆற்று நீர் பிறகுதான் வந்து சேரும்.

இன்னொன்று, எத்தனை நாள் தங்குவது? 2006 டிசம்பர் வெள்ளம் வடிந்து, சேற்றைக் கழுவி முடித்தவர்களுக்கு 2007 ஜனவரியில் இரண்டாவது வெள்ளம் வந்தது. முதல் தடவை விருந்தாளி. இரண்டாம் தடவை அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் போக வேண்டும்.

பிபிஎஸ் என்று நாம் சொல்லும் நிவாரண மையத்துக்கு, பெரும்பாலும் அது ஒரு பள்ளி மண்டபம், போவதைப் பலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். எனக்கு அது வீண் வீம்பாகத்தான் படுகிறது. அங்கே சாப்பாடு வரும், மருத்துவக் குழு வரும், பெயர் பதிவாகும். அரசு கொடுக்கும் வெள்ள உதவித்தொகைக்கு அந்தப் பதிவு முக்கியம். அண்ணன் வீட்டுக்குப் போனவர்களும் தங்கள் பெயரைப் பதிவில் சேர்க்க என்ன வழி என்று கேட்டு வைப்பது நல்லது. குறைகளும் உண்டு. கழிவறைக்கு வரிசை, ராத்திரியெல்லாம் குழந்தைகளின் அழுகை, நாய் பூனைக்கு இடமில்லை. மார்கழி விரதம் இருப்பவர்கள் பிஸ்கட், அவல், பழம் என்று கையோடு எடுத்துப் போவது நல்லது.

வீட்டிலேயே இருந்துவிடலாம் என்பது ஒற்றை மாடி வீட்டுக்கும் லயத்து வீட்டுக்கும் பொருந்தவே பொருந்தாது. இரட்டை மாடி வீட்டுக்காரர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். திருடன் பயம் இருக்காது, சாமான்களை மேலே ஏற்றலாம். ஆனால் 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மாடியில் நின்றவர்கள் சாப்பாடும் மின்சாரமும் இல்லாமல் படகுக்குக் காத்திருந்ததை மறக்க முடியுமா? இருப்பதென்றால் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, மூன்று நாளுக்குக் குடிநீர் மேலே ஏற்றிவிட்டுத்தான் இருக்க வேண்டும். வெள்ள நீரில் காலை வைக்கவே கூடாது. எலிக்காய்ச்சல் அதில்தான் தொற்றும். வீட்டில் டயாலிசிஸ் செய்பவர் இருந்தால் இந்த வழியை இப்போதே அடித்துவிடுங்கள். வாரத்துக்கு மூன்று முறை போக வேண்டியவரைப் படகை நம்பி வைக்க முடியாது.

என் கணக்கு ஆற்றின் அளவைப் பார்த்துப் போடுவது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் இணையப் பக்கத்தில் நம் ஊர் ஆறு ‘வாஸ்படா’ (விழிப்பு நிலை) ஆனதும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம், பகலாக இருந்தால் இன்னும் நல்லது. ‘அமாரான்’ (எச்சரிக்கை நிலை) வந்துவிட்டால் தூரத்து வீட்டை மறந்துவிட்டுப் பக்கத்து மண்டபம். ‘பஹாயா’ (அபாய நிலை) ஆகி சாலையில் தண்ணீர் ஓடுகிறதென்றால் காரை எடுக்காதீர்கள், ஓரடி நீரோட்டமே சின்னக் காரை மிதக்கவிடும். மாடி இருந்தால் மாடிக்கு ஏறி 999க்கு அழையுங்கள். மாடி இல்லாத வீட்டுக்காரர்கள் அதுவரை காத்திருக்கவே கூடாது. காரை முன்கூட்டியே மேட்டில் விட்டு வையுங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது, அதற்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும்.