தூண்டில் முடிச்சு கற்றுத்தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டுமுன்

முட்டுக்காடு கழிமுகத்தில் போன மாதம் ஒரு கொடுவா என் கையை விட்டுப் போனது. அதற்காக அழவில்லை. தூண்டில்காரனுக்கு மீன் போவது புதிதா என்ன? தூண்டில் நரம்பைச் சுற்றி எடுத்தபோது நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்ததுதான் வயிற்றெரிச்சல். அறுந்த நரம்பின் நுனி அப்படிச் சுருளாது. முடிச்சு வழுக்கி, சுற்று சுற்றாக அவிழ்ந்து போனால்தான் இந்தச் சுருள் வரும். அந்த முடிச்சைக் கற்க நான் 2,500 ரூபாய் கொடுத்திருந்தேன்.

ஈசிஆரில் ஒரு பண்ணைக் குளத்தங்கரையில் வகுப்பு. ‘முடிச்சு முதல் ரிக் வரை ஒரே நாளில், தூண்டில் கிட் இலவசம்’ என்று விளம்பரம். ரிக் என்றால் முள், ஈயக்குண்டு, நரம்பு எல்லாம் சேர்த்துக் கட்டிய அமைப்பு. நாங்கள் பதினான்கு பேர், கற்றுக்கொடுப்பவர் ஒருவர். பணம் அவருடைய சொந்த எண்ணுக்கு ஜிபேயில் போனது, ரசீது கிடையாது. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு மணி நேரம் அவர் பிடித்த மீன்களின் படங்களைக் காட்டினார். அப்புறம் ஒரு தடித்த நைலான் கயிற்றில் கிளிஞ்ச் முடிச்சு போட்டுக் காட்டினார். கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, கயிற்றில் காட்டியது சரிதான். ஆனால் அதே முடிச்சை மெல்லிய நரம்பில் எங்களைப் போடவைத்து, இழுத்துப் பார்க்கவே இல்லை. தூண்டில் முள்ளின் கண்ணில் நரம்பைக் கோத்து, ஐந்தாறு சுற்று சுற்றி, கண்ணுக்கருகே இருக்கும் சின்ன வளையத்தில் வாலை நுழைக்க வேண்டும். அப்படி நுழைத்ததால் உண்டான பெரிய வளையத்துக்குள் வாலை இன்னொரு முறை கொண்டுவர வேண்டும். இந்தக் கடைசி நுழைப்பை அவர் சொல்லவே இல்லை. இறுக்குமுன் எச்சில் தொட்டு ஈரப்படுத்த வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. உலர்ந்த நைலானை வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே நரம்பு பலம் இழந்துவிடும்.

மற்ற முடிச்சுகள் எல்லாம் ‘வீடியோ அனுப்புகிறேன்’. ரிக் என்றால் பாக்கெட்டிலிருந்து ரெடிமேடாக ஒன்று. அதன் முடிச்சுகளில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. முகர்ந்து பார்த்தால் ஃபெவிக்விக் வாசனை. ‘எக்ஸ்ட்ரா கிரிப் சார்’ என்றார். நானும் தலையாட்டினேன். மதியம் குளத்தில் உள்ளங்கை அகல ஜிலேபி மீன் இரண்டு மாட்டின. போட்டோ, கைத்தட்டல், சான்றிதழ். ஜிலேபி இழுக்கிற இழுப்புக்குத் தையல் நூலே போதும் என்பது பிறகுதான் புரிந்தது.

முட்டுக்காட்டில் கொடுவா போனபின் நான் முழித்துக்கொண்டிருந்ததை வீச்சுவலையோடு வந்த ஒரு மீனவர் அண்ணன் பார்த்தார். கிட்டில் மிச்சமிருந்த ரிக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரு தம்பி கட்டுனது இது?”

“கிளாஸ்ல குடுத்தாங்கண்ணே.”

“ஈயக்குண்டு ஓடியாந்து முள்ளு மேலயே உக்காருது பாரு. மீனு இரையக் கடிக்குமா, ஈயத்தக் கடிக்குமா?”

உண்மைதான். கரோலினா ரிக் என்று கொடுத்திருந்தார்கள். அதில் ஈயக்குண்டு, ஸ்விவல் என்னும் சுழலும் உலோக இணைப்புக்கு மேலே, மெயின் நரம்பில் ஓட வேண்டும். இடையில் ஒரு பாசிமணி, பிறகு ஸ்விவல், அதற்குக் கீழே லீடர் என்னும் தனி நரம்பும் முள்ளும். அப்போதுதான் மீன் இரையை எடுத்துப் போகும்போது நரம்பு குண்டுக்குள் வழுக்கி ஓடும், மீனுக்குக் கனம் தெரியாது. எனக்குக் கிடைத்ததில் குண்டு ஸ்விவலுக்கும் முள்ளுக்கும் நடுவே இருந்தது. மீனவர் அண்ணன் கரோலினா என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார். பார்த்த மாத்திரத்தில் கோளாறைச் சொல்லிவிட்டார். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி, லீடரைத் தடியாகப் போடு என்றும் சொன்னார். வகுப்பில் கொடுவா என்ற பேச்சு படத்தோடு முடிந்துவிட்டது.

சந்தேகம் வந்தபின் வீட்டில் சூட்கேஸ் நிறுக்கும் கைத்தராசை எடுத்தேன். கிட்டில் இருந்த பிரெய்டு நரம்பின் (மெல்லிய இழைகளைப் பின்னியது) அட்டையில் ‘ஜப்பான் ஒரிஜினல், 0.10 மி.மீ., 40 பவுண்டு’. 40 பவுண்டு என்றால் 18 கிலோ. பிரெய்டின் தடிமனைச் சொல்லும் ஜப்பான் கணக்கில் பிஇ 1 என்பது 0.165 மி.மீ. தடிமன், நல்ல பிரெய்டாக இருந்தால் ஏறக்குறைய 20 பவுண்டு தாங்கும். அதைவிட மெலிந்தது எப்படி அதைப் போல இரண்டு மடங்கு தாங்கும்? முடிச்சே போடாமல் தராசுக் கொக்கியில் பல சுற்று சுற்றி இழுத்தேன். ஆறு கிலோவைத் தாண்டியதும் பட்டென்று போனது. பிறகு அதே பிரெய்டில், வகுப்பில் சொன்னபடி ஸ்விவலில் கிளிஞ்ச் போட்டு இழுத்தேன். இரண்டு கிலோவுக்கே சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. பிரெய்டு வழவழப்பானது, சாதா கிளிஞ்ச் அதில் நிற்காது. பாலோமர் முடிச்சு போட வேண்டும். நரம்பை இரட்டையாக மடித்துக் கண்ணில் கோத்து, தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போட்டு, வளையத்துக்குள் முள்ளையோ ஸ்விவலையோ முழுசாக நுழைத்து இறுக்கினால் முடிந்தது. கற்றுக்கொள்ளப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. லீடரோடு பிரெய்டை இணைக்க எஃப்ஜி முடிச்சு அருமையானது, ஆனால் கை பழக நாளாகும். அதுவரை டபுள் யூனி முடிச்சை வைத்துச் சமாளிக்கலாம்.

வகுப்பு எடுத்தவருக்குப் போன் செய்தேன். “முடிச்சு கைப்பழக்கம் சார், நீங்க சரியா இறுக்கல” என்றார். தராசு விஷயத்தைச் சொன்னதும், “அது பேசிக் கிட். பிரீமியம் 6,500, அனுப்பட்டுமா?” என்றார். வாட்ஸாப் குழுவில் தராசு வீடியோவைப் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் குழுவிலிருந்து தூக்கிவிட்டார். பணம் திரும்பவில்லை. நரம்பை அம்மா எடுத்துக்கொண்டு போய்ப் புடலங்காய்க்குக் கல் கட்டிவிட்டார்.

இப்படி ஏதாவது வகுப்புக்குப் போவதாக இருந்தால், நீங்கள் போடும் முடிச்சைத் தராசில் இழுத்துக் காட்டுவீர்களா என்று முதலில் கேளுங்கள். ரெடிமேட் ரிக் தந்தால் முடிச்சை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பசை உதிர்ந்தால் கிளம்பிவிடுங்கள்.

அடுத்த வகுப்புக்கான விளம்பரம் நேற்று வந்தது. அதில் ஜிலேபியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிப்பவன் நான்தான். கட்டணம் இப்போது 3,000.