பைஜேடபிள்யூடி: நல்ல லைப்ரரிதான், கடிகாரத்தில்தான் கோளாறு

காந்தி ரோட்டு லாட்ஜுக்கு ரூம் புக்கிங் ஆப், ஆம்பூர் ஷூ யூனிட்டுக்கு ஆர்டர் பார்க்கும் பக்கம் என்று பைத்தானில் எதைக் கட்டினாலும், லாகின் வரும்போது ஜேடபிள்யூடி டோக்கனும் (உள்ளே வந்தவர் யார் என்று சொல்லும், சர்வர் கையொப்பமிட்ட சீட்டு) வந்து நிற்கும். அதைக் கையாள முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய பைத்தான் லைப்ரரி பைஜேடபிள்யூடி. எம்ஐடி உரிமம், காசு கிடையாது. டோக்கன் செய்ய (என்கோட்) ஒரு வரி, சரிபார்க்க ஒரு வரி.

டோக்கன் என்பது காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரம் டிக்கெட் மாதிரி. எதுவரை செல்லும் என்பது அதிலேயே இருக்கும். பரிசோதகர் கவுன்டருக்குப் போய் விசாரிப்பதில்லை. யார் கையில் கிடைத்தாலும் படிக்கவும் முடியும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். கையொப்பம் திருத்துவதைத் தடுக்குமே தவிர, படிப்பதைத் தடுக்காது. ரூம் எடுத்தவரின் ஆதார் எண்ணை உள்ளே வைத்தால் அது ஊருக்கே திறந்த கடுதாசி.

நிறுவும்போதே ஒரு சறுக்கல் உண்டு. பைத்தான் பேக்கேஜ்களை ஏற்றும் பிப்பில் கேட்க வேண்டிய பெயர் பைஜேடபிள்யூடி. கோடில் இம்போர்ட் செய்வது வெறும் ஜேடபிள்யூடி. அந்தப் பெயரில் வேறொரு பேக்கேஜும் இருக்கிறது. அது ஏறிவிட்டால் 'என்கோட் என்று எதுவும் இல்லை' என்று பிழை வரும். இரண்டையும் நீக்கிவிட்டு, பைஜேடபிள்யூடியை மட்டும் மறுபடி ஏற்றுங்கள். உங்கள் ஃபைலுக்கே ஜேடபிள்யூடி.பிஒய் என்று பெயர் வைத்திருந்தாலும் இதே கதைதான். ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு, பொதுச் சாவியால் சரிபார்க்கும் ஆர்எஸ்256 முறை வேண்டுமென்றால் கிரிப்டோகிராஃபி பேக்கேஜும் தேவை.

நம் ஊரில் பெரிய தொல்லை நேரம்தான். டோக்கனின் காலாவதிக்கு டைம்ஸோன் இல்லாத நேரத்தைக் கொடுத்தால், இந்த லைப்ரரி அதை யுடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) என்றே எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் தராது. இந்திய நேரத்தில் ஓடும் லேப்டாப்பில் இப்போதைய நேரத்தைத் தரும் டேட்டைம்.நவ்வை வெறுமனே போட்டு 15 நிமிடம் கூட்டினால், டோக்கன் 5 மணி 45 நிமிடம் உயிரோடு இருக்கும். அதே கோடு யுடிசியில் ஓடும் சர்வரில் சரியாக 15 நிமிடத்தில் காலாவதியாகும். டோக்கன் உருவான நேரத்தைச் சொல்லும் ஐஏடியையும் இப்படியே போட்டால், டோக்கன் ஐந்தரை மணி நேரம் கழித்துப் பிறந்ததாகக் கணக்காகி இம்மெச்சூர்சிக்னேச்சர்எரர் என்ற பிழை வரும். உடனே சிலர், நேர வித்தியாசத்துக்குச் சலுகை தரும் லீவேயில் 19,800 விநாடி போட்டு வாயை அடைக்கிறார்கள். அது காலாவதியான டோக்கனுக்கும் ஐந்தரை மணி நேரம் சலுகை தருவதாகும். டேட்டைம்.நவ் உள்ளே டைம்ஸோன்.யுடிசி கொடுங்கள், முடிந்தது. லீவே 30 விநாடி தாராளம்.

இந்த லைப்ரரியில் பிடித்தது அதன் கறார். 2.0 பதிப்பிலிருந்து, சரிபார்க்கும்போது எந்த அல்காரிதம் (கையொப்ப முறை) என்று நீங்களே சொல்லியாக வேண்டும். டோக்கனின் தலைப்பில் எழுதியிருப்பதை நம்பி நடக்காது. சரிபார்க்கும் வரியில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். எச்எஸ்256 (கையொப்பமிடவும் சரிபார்க்கவும் ஒரே ரகசியச் சாவி), ஆர்எஸ்256 இரண்டையும் சேர்த்துப் போடுவது பொதுச் சாவியையே ரகசியச் சாவியாக்கிப் போலி டோக்கன் செய்யும் தாக்குதலுக்கு வழி. அதைத் தடுக்கும் சோதனை உள்ளேயே இருந்தும், அதில் இருந்த ஓட்டையை (பாதுகாப்புக் குறைப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2022-29217) 2.4.0-இல்தான் அடைத்தார்கள். அதற்கு முந்தையது கையில் இருந்தால் இன்றே மாற்றுங்கள். எச்எஸ்256-க்குச் சாவி குறைந்தது 32 பைட். 'வேலூர்123' எல்லாம் சாவி இல்லை.

பழைய பாடங்களைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு இரண்டு இடத்தில் அடி விழும். 2.0 முதல் என்கோட் தருவது பைட்ஸ் அல்ல, ஸ்ட்ரிங். என்கோடுக்குப் பின்னால் ஒட்டிய டீகோடை எடுத்துவிடுங்கள். 2.10 முதல், டோக்கன் யாருடையது என்று சொல்லும் 'சப்' ஸ்ட்ரிங்காக இருக்க வேண்டும். யூசர் ஐடி 42 என்று எண்ணாக வைத்தால் டோக்கன் சமத்தாக உருவாகும், சரிபார்க்கும்போதுதான் உதைக்கும். டோக்கனில் 'ஆட்' (யாருக்கான டோக்கன் என்பது, அதாவது ஆடியன்ஸ்) இருந்து, சரிபார்க்கையில் ஆடியன்ஸ் கொடுக்காவிட்டாலும் பிழைதான்.

உள்ளடக்கத்தையே மறைக்கும் ஜேடபிள்யூஇ டோக்கன் வசதி இதில் கிடையாது. அதற்கு ஜேடபிள்யூகிரிப்டோ என்ற லைப்ரரி பக்கம் போக வேண்டும். லாக்அவுட் செய்தவரின் டோக்கனைச் செல்லாததாக்கவும் இதனிடம் வழியில்லை. ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு ஜேடிஐ (டோக்கனின் தனி அடையாள) எண் கொடுத்து, வெளியேறியவர்களின் எண்ணை, அந்த டோக்கன் காலாவதியாகும்வரை ரெடிஸ் என்ற வேகமான தரவுக் கிடங்கில் வைத்து நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.