மலிவு பெல்லட்டா, மேட்ச் பெல்லட்டா: வண்ணாரப்பேட்டை வீட்டில் ஒரு கணக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டின் அகலம் பத்தடி, நீளம் நாற்பத்தைந்து அடி. ரயில் பெட்டி வீடு என்று மாமியார் பல வருடம் குறை சொன்ன அந்த நீளத்துக்கு, மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகத் தொடங்கிய பிறகுதான் மதிப்பு வந்தது. வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் தாழிட்டுவிட்டு, கொல்லைப் பக்கச் சுவரில் பழைய துணி அடைத்த இரும்புப் பெட்டியை வைத்தால் நடுக்கூடத்தில் நின்று சுடலாம். துப்பாக்கி பயிற்சியாளர் சொன்னபடி வாங்கியது. அதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. குழப்பமெல்லாம் அதற்குள் போடும் ஈயத் துண்டான பெல்லட்டைப் பற்றித்தான்.

முதலில், பேசத் தேவையில்லாதவற்றை ஒதுக்கிவிடுகிறேன். விட்டம் 4.5 மி.மீ. 10 மீட்டர் போட்டிக்கு அதுதான் விதி. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, துப்பாக்கிக் குழாயின் துளை 4.5 மி.மீ.க்கு மேலோ ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ போனால் உரிமம் வேண்டும். ஆகவே 5.5 மி.மீ. பேச்சே வேண்டாம். தலை தட்டையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதுதான் குறி அட்டையில் காகிதம் துளைக்கும் கருவி வெட்டியதுபோல் வட்டமான ஓட்டை போடும், மதிப்பெண் பார்ப்பதில் சண்டை வராது. உருண்டைத் தலை தூரத்துக்கு நல்லது, பத்து மீட்டரில் அதற்கு வேலையில்லை. கூர்முனை பெல்லட் பார்க்கத்தான் வீரமாக இருக்கிறது. வீட்டுக்குள் அதைச் சுடவே கூடாது, தெறித்து வரும்.

மிச்சம் நிற்பவை மூன்று. உள்நாட்டில் செய்யப்படும் மலிவுத் தட்டைத்தலை பெல்லட். வெளிநாட்டுப் பயிற்சித்தர மேட்ச் பெல்லட் (மேட்ச் என்பது குறிசுடும் விளையாட்டுக்கென்று செய்வது), அதாவது ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். மெயிஸ்டர்குகெல்ன் போன்றது. அதற்கும் மேலே அதே நிறுவனத்தின் ஆர்10 போன்ற போட்டித்தரம். நாங்கள் நடுவில் இருப்பதில் நின்றோம், இன்றும் நிற்கிறோம். இனி எழுதப்போவதில் ஒரு சாய்வு இருக்கும், ஒளிக்கப்போவதில்லை.

மலிவு டப்பாவோடுதான் தொடங்கினோம். நான் வாங்கிய அன்று மேட்ச் டப்பாவின் விலை அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டிலும் உள்ளே இருப்பது ஈயம்தானே என்று நினைத்தேன். முதல் இரண்டு மாதம் மகளின் அட்டைகளில் ஓட்டைகள் மேலும் கீழுமாகச் சிதறின. பக்கவாட்டில் அவ்வளவு இல்லை. நான் அவள் மூச்சைக் குறை சொன்னேன், அவள் என் பெல்லட்டைக் குறை சொன்னாள். அவள் சொன்னது சரி என்று நிரூபிக்க சவுகார்பேட்டைக்குப் போக வேண்டியிருந்தது. ரத்தினக் கல் நிறுக்கும் சின்ன மின்தராசு ஒன்றை, ஒரு மில்லிகிராம் வரை காட்டுவதை, தெரிந்த பட்டறையிலிருந்து ஒரு நாள் கடன் வாங்கி வந்தேன். மலிவு டப்பாவிலிருந்து ஐம்பது எடுத்து நிறுத்தேன். மிகக் குறைந்தது 0.46 கிராம், மிக அதிகம் 0.55. மேட்ச் டப்பாவில் அதே ஐம்பது 0.528க்கும் 0.536க்கும் நடுவிலேயே அடங்கிவிட்டன.

இந்த வித்தியாசம் அட்டையில் எவ்வளவு ஆகிறது என்பது பள்ளிக்கூட இயற்பியல்தான். 7 ஜூல் ஆற்றலில் 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு சுமார் 162 மீட்டர் வேகத்தில் கிளம்பும். பத்து மீட்டர் போய்ச் சேருவதற்குள் ஏறத்தாழ 18.5 மி.மீ. கீழே இறங்கும். காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆற்றல் மாறாதவரை இறக்கம் எடைக்கு நேர்விகிதம். ஆகவே 0.46க்கும் 0.55க்கும் இடையில் மட்டும் 3 மி.மீ. இறக்க வேறுபாடு வருகிறது. 10 மீட்டர் ரைபிள் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடு வட்டம் அரை மில்லிமீட்டர் பொட்டு, ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ. அகலம். நல்ல மூச்சு, நல்ல குறி, நல்ல விசை இழுப்பு எல்லாம் இருந்தும் பெல்லட் தானாக ஒரு வளையத்தைத் தின்றுவிடுகிறது. மேட்ச் டப்பாவில் அதே கணக்கு போட்டால் 0.3 மி.மீ. கூட வரவில்லை. அன்று இரவு மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை இன்னும் மறக்கவில்லை.

எடைக்கு மேல் விளிம்பு இருக்கிறது. பெல்லட்டின் பின்பகுதி மெல்லிய, குழிவான பாவாடைபோல் இருக்கும். காற்று அதற்குள் புகுந்து விரித்து, குழாயின் சுழல்வரிகளில் ஒட்டவைக்கிறது. அது நசுங்கியிருந்தால் காற்று ஒரு பக்கமாகக் கசியும். மலிவு டப்பாவைத் திறந்தால் பத்தில் ஒன்று நசுங்கியிருந்தது. கைநிறைய அள்ளிக் கொட்டி நிரப்பினால் அப்படித்தான் ஆகும். நாங்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தோம். பொறுக்குவதில் போன நேரத்தையும் தூக்கிப் போட்ட கழிவையும் சேர்த்தால் மூன்று மடங்கு விலை வித்தியாசம் இரண்டரைக்கு இறங்கிவிடும். அதற்காக மலிவு பெல்லட்டைத் திட்ட மாட்டேன். ஊரிலிருந்து அண்ணன் பிள்ளைகள் வந்தால், மேசையில் நிற்கும் பழைய பால் டப்பாவை விழுத்த அதுதான் சரி. கொசுவை அடிக்க வெள்ளி விசிறி எதற்கு?

ஆர்10 டப்பாவை ஒரே ஒரு முறைதான் வாங்கினேன், அதனால் இதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். மணல் பையில் வைத்துச் சுட்டபோது ஓட்டைகள் கொஞ்சம் நெருக்கமாக விழுந்தன. நின்று சுட்டபோது மகள் கையில் அந்த வேறுபாடு தெரியவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் நடுக்கம், அந்த நூல் அளவு நெருக்கத்தைவிடப் பெரியது. மாநில அளவில் பதக்கத்தைத் தொடும் கைக்கு அது பலிக்கலாம். தலையின் விட்டத்திலேயே 4.48, 4.49, 4.50, 4.51 என்று பிரித்து விற்கிறார்கள். எங்கள் குழாய்க்கு 4.50 நன்றாக அமைந்தது, அடுத்த வீட்டுக் குழாய்க்கு 4.49 பிடிக்கலாம். துப்பாக்கியைப் பிடிமானத்தில் பூட்டிவைத்துச் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஸ்பிரிங் துப்பாக்கி விஷயத்தில் நண்பருடையதை இரண்டு வாரம் வைத்திருந்தேன், அவ்வளவுதான். அதில் மிக இலேசான பெல்லட் போட்டால் பிஸ்டன் போய் மோதும் அதிர்ச்சி கையில் தெரிந்தது. அதனால் இலேசான, ஈயமில்லாத வெள்ளீய பெல்லட்டை நான் முயலவே இல்லை.

இப்போது என்னை முடிவெடுக்கவைத்த காரணத்துக்கு வருகிறேன். எந்த பெல்லட் மிகச் சிறந்தது என்பதைவிட, எது அடுத்த மாதமும் அதேபோல் இருக்கும் என்பதுதான் கேள்வி. மாத்திரை அட்டையில் இருப்பதுபோல் டப்பாவின் அடியில் பேட்ச் எண் இருக்கும். வேறு பேட்ச் வந்தால் குறி தள்ளிப் போகலாம், குறி பார்க்கும் கருவியின் திருகை மறுபடி சரிசெய்ய வேண்டும். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு இந்தக் கஷ்டம் வேண்டாம். ஆகவே நன்றாகச் சுட்ட ஒரு பேட்ச் கிடைத்ததும் ஐந்து டப்பாவாக வாங்கினேன். டப்பாவுக்கு 500 பெல்லட் வீதம் 2,500. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாற்பது. ஐந்து மாதம் வரும். மலிவு டப்பாவில் நான் பார்த்த மூன்றில் பேட்ச் எண்ணே இல்லை. எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் ஐந்து மாதம் வைத்திருப்பது என்பது தனிக் கதை. வண்ணாரப்பேட்டையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ராயபுரம், காசிமேடு பக்கமிருந்து வரும் காற்றில் இரும்பு ஜன்னல் கம்பி மூன்று வருடத்தில் உதிர ஆரம்பிக்கும். ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் இரண்டு டப்பாவைத் திறந்தபோது பெல்லட்டுகள் சாம்பல் நிறம் மாறி, மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தன. கையில் ஒட்டியது. எதிர்வீட்டுப் பெரியவர் காசிமேட்டில் முப்பது வருடம் வலை கட்டியவர். அவரிடம் காட்டினேன். “தம்பி, ஈயம் உப்புக் காற்றில் பூக்கத்தான் செய்யும். எங்கள் வலையில் கோத்த ஈய மணி தினமும் மணலில் உரசுவதால் தெரிவதில்லை” என்றார்.

பாதி சரி. மீதி மூன்று டப்பாவும் அதே வீட்டில், அதே காற்றில், எவர்சில்வர் தூக்கில் இருந்தன. திறந்து பார்த்தால் புதிதுபோல் மின்னின. பூத்த இரண்டு மட்டும் மர அலமாரிக்குள் இருந்தவை. பிறகு படித்தபோது விளங்கியது. மரமும் பிளைவுட்டும் அசிட்டிக் அமில ஆவியை மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும். ஈரத்தோடு அது சேர்ந்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவும் கலந்து, ஈயத்தின் மேல் வெள்ளைக் கார்பனேட் படியும். அருங்காட்சியகங்களில் பழைய ஈய முத்திரைகளை ஓக் மர இழுப்பறைகளில் வைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். பழைய வெள்ளைப் பெயின்ட்டில் கலந்த வெள்ளை ஈயமும் இதே குடும்பம், அதே விஷம். துடைத்துப் போட்டுச் சுட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்டேன். பொடி குழாய்க்குள் போகும், விட்டம் சமமாக இருக்காது, மகள் மூச்சிலும் போகும்.

இப்போது மீதி டப்பாக்களை மூடி ஓரத்தில் டேப் ஒட்டி, செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு, எவர்சில்வர் தூக்கில் வைத்திருக்கிறேன். ஒரு நேரத்துக்கு ஒரு டப்பா மட்டும் வெளியே வரும், அன்றைக்கு வேண்டியதை மூடியில் கொட்டிக்கொள்வோம். பெல்லட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. என் வீட்டில் அது நடந்தால் துப்பாக்கி பூட்டப்படும் என்று சொல்லியிருக்கிறேன். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் அடுப்பங்கரைக்குள் நுழைய வேண்டும். துணிப்பெட்டியில் விழுந்த ஈயத்தை மாதம் ஒருமுறை கையுறை போட்டு அள்ளுகிறேன்.

பூத்துப்போன இரண்டு டப்பாவும் சேர்ந்து அரைக் கிலோவுக்குச் சற்று மேல். எதிர்வீட்டுப் பெரியவர் வலை மணிக்கு ஆகும், கொடு என்றார். உருக்கினால் புகை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார், நான் கொடுக்கவில்லை, பொட்டலமாகக் கட்டிப் பழைய பேட்டரி வாங்கும் கடையில் போட்டுவிட்டேன். மீதி இருப்பது இரண்டரை டப்பா. சனிக்கிழமை கடைக்குப் போகிறேன், பேட்ச் எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தாயிற்று.